தாழமுக்கம் என்றால் என்ன? வானிலை எச்சரிக்கையின் வரலாற்றில் சில பக்கங்கள்

பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வருபவனிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலைகள் எவை என்பதை அத்தொழிலில் இருந்தவர்கள் அறிவர். மரண அறிவித்தல்களை ஒப்புநோக்குவது, சந்தை விலைகளைத் தொகுப்பது, வானிலைக் குறிப்பை மொழிபெயர்ப்பது என்பன அவை. 1970களின் நடுப்பகுதியில் கொழும்பிலே ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியனாக நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தவையும் இவையே. மரண அறிவித்தலில் ஒரு பெயர் பிழைத்தால் மறுநாட் காலையில் உறவினர்கள் வாசலில் நிற்பார்கள். சந்தை விலையில் ஓர் இலக்கம் பிழைத்தால் வணிகர்கள் தொலைபேசியில் வருவார்கள். வானிலைக் குறிப்பில் என்ன பிழைத்தாலும் எவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே அதனை நாங்கள் கடைசியாகச் செய்வோம், அரைத் தூக்கத்திலும் செய்வோம்.

மாலையில் வந்துசேரும் ஆங்கிலக் குறிப்பு எந்நாளும் ஒரே வார்ப்பில் இருக்கும். அதைத் தமிழாக்குவதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். சொல்லுக்குச் சொல் ஒரு பட்டியலே மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்தோம். அப்பட்டியலில் இருந்த சொற்களுள் ஒன்றுதான் தாழமுக்கம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் மூன்றாவது வாரத்தில், வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் நிலைகொண்டிருப்பதாகவும் அது வலுப்பெறக்கூடும் என்றும் நான் இரண்டு வாக்கியங்களில் எழுதினேன். உட்பக்கம் ஒன்றின் அடியில், ஒரு சவர்க்கார விளம்பரத்தின் மேலே அது அச்சாயிற்று. 23ஆம் திகதி வியாழக்கிழமை இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன, வீதிகள் மரங்களால் மூடுண்டன. நான் ஊர் போய்ச் சேர்வதற்குப் பல நாட்கள் ஆயின. தென்னைகள் நின்ற இடங்களில் முறிந்த கட்டைகள் நின்றன. என்னை வளர்த்த அம்மம்மா, மண் சுவர் சரிந்து இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது.

மாமா என்னிடம் அழவில்லை, ஏசவுமில்லை. மடித்து வைத்திருந்த பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து வந்து என் முன்னே விரித்தார். நான் எழுதிய இரண்டு வாக்கியங்களும் அதில் இருந்தன.

"தம்பி, தாழமுக்கம் எண்டா என்ன? காத்தா, மழையா, கடலா? காத்து எண்டு எழுதியிருந்தா அம்மாவ நான் கல்வீட்டுக்குக் கொண்டு போயிருப்பனே."

என்னிடம் விடை இருக்கவில்லை. வளிமண்டல அமுக்கம் குறைந்த பகுதி என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அவரிடம் சொல்லவும் நாக்கு எழவில்லை. அரை நூற்றாண்டை அண்மிக்கும் இக்காலத்திலும் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு நான் தேடிய விடையின் ஒரு பகுதி.

காற்றுக்குப் பெயரிட்டவர்கள்

மாமா வானிலை தெரியாதவர் அல்லர். எங்கள் கரையோர மக்கள் காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்தவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். எந்தக் காற்றில் எந்த வலை, எந்தக் காற்றில் கடலுக்குப் போகலாகாது என்பதெல்லாம் அப்பெயர்களுக்குள்ளேயே அடங்கியிருந்தன. கச்சான் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் மட்டக்களப்பு விவசாயிக்கு வெப்பமும் வரட்சியும் காய்ந்த பயிரும் மனக்கண்ணில் தோன்றும். சொல்லும் அதனால் விளையும் பயனும் பிரியாதிருந்த காலம் அது.

ஆயினும் அந்த மரபறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுதோறும் வருவதை அது நன்கறியும். இரண்டு தலைமுறைகளுக்கு ஒருமுறை வருவதை அது மறந்துவிடும். 1907ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மட்டக்களப்பை ஒரு பெருஞ்சூறாவளி அழித்தது. 1978இல் அதனை நேரிற் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். எழுபது ஆண்டுகளில் ஓர் ஊரின் நினைவு மங்கிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பவேண்டியது அறிவியலின் பணி.

இலங்கையில் அறிவியல் முறையிலான வானிலைக் கணிப்பு 1860களின் பிற்பகுதியில் நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் தொடங்கியது. கொழும்பு வானிலை அவதான நிலையம் அன்றைய புல்லர்ஸ் வீதியில் அமைந்தது 1907ஆம் ஆண்டிலேதான். மட்டக்களப்பு சூறாவளியும் அதே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. வளிமண்டலவியல் திணைக்களம் தனித் திணைக்களமாக உருவானது சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில்.

இக்கணிப்பு யாருக்காகத் தொடங்கியது என்பதைக் கவனிக்கவேண்டும். கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்தன, மலையகத்தில் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்தன. கப்பல் தலைவனுக்குக் காற்று தேவைப்பட்டது, தோட்டத் துரைக்கு மழைக்கணக்கு தேவைப்பட்டது. தோட்டங்களில் நாள்தோறும் மழை அளந்து பேரேட்டில் எழுதும் வழக்கம் அவ்வாறே வேரூன்றியது. பின்னர் விமானங்கள் வந்தபோது விமானிகளுக்காக மொழி இன்னும் செம்மையாயிற்று. இவர்கள் எல்லோரும் கலைச்சொற்களைக் கற்றவர்கள். தாழமுக்கம் என்றால் என்ன என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்பைத்தான் நாங்கள் மொழிபெயர்த்து மாமாவின் கையிற் கொடுத்தோம்.

மூன்று சூறாவளிகள்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவும் மறுநாளும் வடபகுதியைத் தாக்கிய சூறாவளியை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தமான் கடலருகே தோன்றி, வங்கக் கடலைக் கடந்து, வன்னி நிலத்தின் மேலாகச் சென்று, மன்னார்க் கரையையும் இராமேஸ்வரத் தீவையும் சிதைத்தது அது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டியைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இருந்த கப்பற் பயணம் அன்றோடு முடிந்து, பின்னர் இராமேஸ்வரத்திலிருந்தே தொடர்ந்தது. ஓர் ஊர் வரைபடத்திலிருந்தே அகன்றது.

அடுத்தது 1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலாச் சூறாவளி. மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையானோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. புயல் வருகிறது என்பதை அறியாமலா அத்தனை பேர் இறந்தார்கள்? இல்லை. வானொலியில் எச்சரிக்கை ஒலித்தது. ஆயினும் கழிமுகத் தீவுகளில் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது விளங்கவில்லை. விளங்கியவர்களுக்கும் ஓடி ஏற ஒரு மேடு இருக்கவில்லை.

மூன்றாவது எங்கள் 1978. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமடைந்தன. தென்னந்தோட்டங்களின் பெரும்பகுதி ஒரே இரவில் வீழ்ந்தது. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை வழியாக நாட்டைக் குறுக்கறுத்த அச்சூறாவளி, மன்னார் வளைகுடாவைக் கடந்து 24ஆம் திகதி இராமநாதபுரக் கரையை அடைந்தது.

மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். காற்றின் வேகம் மட்டும் சாவின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை. ஓலைக் கூரைக்கும் கல்வீட்டுக்கும் உள்ள தூரமும், செய்திக்கும் செயலுக்கும் உள்ள தூரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இந்தப் பாடத்தை முதலிற் கற்றது பேரிழப்பைச் சந்தித்த பங்களாதேசம்தான். விடுதலைக்குப் பின்னர், 1970களின் தொடக்கத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு அங்கு சூறாவளி ஆயத்தத் திட்டம் உருவானது. அதன் ஆணிவேர் ராடரோ செய்மதியோ அல்ல. ஊர்தோறும் பயிற்றப்பட்ட தொண்டர்களே. கொடியேற்றியும், ஒலிபெருக்கியில் கூவியும், கதவு கதவாகத் தட்டியும் அவர்கள் செய்தியைக் கொண்டுசென்றார்கள். பின்னர் கரையோரமெங்கும் சூறாவளிப் புகலிடங்கள் எழுந்தன. பாதை நேரானதாக இருக்கவில்லை. 1991இல் மீண்டும் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் மாண்டனர். புகலிடங்கள் போதவில்லை என்பதும், பெண்கள் வீட்டையும் கால்நடைகளையும் விட்டுச் செல்லத் தயங்கினார்கள் என்பதும் அப்போது தெரிந்தது. குறைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. தொண்டர்களில் பெண்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டார்கள். 2020ஆம் ஆண்டு அம்பன் சூறாவளி வந்தபோது இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். அந்நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப்பேர் மாத்திரமே. ஓர் ஏழை நாடு ஐம்பது ஆண்டுகளில் இலட்சங்களைப் பத்துகளாக்கியது. இதைவிடப் பெரிய வானிலைச் செய்தி எதையும் என் தொழில் வாழ்வில் நான் கண்டதில்லை.

தாலாட்டில் இருந்த எச்சரிக்கை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அரசாங்க அலுவலகங்கள் மூடியிருந்தன. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்ததற்கும் முதலாவது அலை எங்கள் கிழக்குக் கரையைத் தொட்டதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. அந்த இரண்டு மணித்தியாலங்களும் வீணாயின. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கையில் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேல். பசுபிக் சமுத்திரத்தில் இருந்ததைப் போன்ற எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை.

கடற்கோள் வானிலை நிகழ்வு அன்று என்பதை அறிவேன். ஆயினும் எச்சரிக்கை என்பதன் பொருளை உணர்வதற்கு அந்நாளில் நிகழ்ந்த இன்னொரு செய்தியை இங்கு சொல்லவேண்டும். நிலநடுக்க மையத்துக்கு மிக அண்மையில் இருந்த சிமுலுவே என்னும் தீவில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அவர்களிடம் கருவிகள் இல்லை, சில நிமிட அவகாசமே இருந்தது. இறந்தவர்களோ ஏழு பேர் எனப் பதிவாகியுள்ளது. அந்தத் தீவில் 1907ஆம் ஆண்டு ஒரு கடற்கோள் பல உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து பாட்டிமார் அக்கதையைப் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லிவந்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஸ்மோங். நிலம் வலிதாக ஆடினால், கடல் பின்வாங்கினால், ஒன்றையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு என்பதே அந்தச் சொல்லின் உட்பொருள்.

1907ஆம் ஆண்டு எங்களுக்கும் ஒரு பாடம் தந்தது, சிமுலுவேக்கும் ஒரு பாடம் தந்தது. அவர்கள் அதனை ஒரு சொல்லிற் கட்டி வைத்தார்கள். நாங்கள் மறந்தோம். எங்கள் புராணங்களிலும் கடற்கோள் கதைகள் உண்டு. நிலத்தைக் கடல் கொண்டது என்று அவை சொல்கின்றன. கடல் வரும்போது என்ன செய்யவேண்டும் என்று அவை சொல்வதில்லை. நினைவு வேறு, அறிவுறுத்தல் வேறு.

சுனாமிக்குப் பிறகு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 117 என்ற அவசர இலக்கம் அறிமுகமாயிற்று. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திரா அருகே மீண்டும் பூமி அதிர்ந்தபோது கரையோர மக்கள் உட்புறமாக நகர்ந்தனர். பேரலை வரவில்லை. அன்று வீணாக ஓடினோம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். அது வீண் அல்ல என்று அப்போது எழுதினேன். வராத அலைக்காக ஓடப் பழகியவர்கள்தான் வரும் அலையிலிருந்து தப்புவார்கள்.

தெரிந்திருந்தும் இறந்தவர்கள்

எச்சரிக்கை எட்டாததால் ஏற்பட்ட சாவுகளை இதுவரை சொன்னேன். எட்டியும் ஏற்பட்ட சாவுகள் இன்னும் கொடியவை.

2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா சூறாவளி வட பகுதியை வெள்ளக்காடாக்கியது. வன்னியில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்தன. மழை வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாததா? ஷெல் விழும் நிலத்தில் நின்றவனுக்கு மழை வருகிறது என்று சொல்வதால் என்ன பயன்? அவன் எங்கே போவான்?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்குத் தாய் தந்தையர் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அத்தேயிலையைப் பயிரிட்ட மக்களுக்குத் தமக்கென ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம், மலையும் தோட்டத்துக்குச் சொந்தம். விலகிப் போ என்று சொன்னவர்கள் எங்கே போவது என்று சொல்லவில்லை. தோட்டத்தில் விழும் மழையைத் துரைமாருக்காக அளந்த நாடு, அதே மழையிலிருந்து தொழிலாளியைக் காக்க ஒரு காணித் துண்டை அளக்கவில்லை.

இந்த இடத்தில் சில எண்களை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். மலையகத்திலே 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், உடனே வெளியேறவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் வரம்புகள் இவை. ஒரு சாதாரண மழைமானி இருந்தால் இக்கணக்கை ஓர் ஊரே பார்த்துக்கொள்ளலாம். நிலத்தில் புதிய வெடிப்புகள், சாய்ந்துபோன மரங்கள், திடீரெனக் கலங்கி ஊறும் அல்லது வற்றிப்போகும் ஊற்றுகள் ஆகியவற்றைக் கண்டால் மழைக்கணக்குக்கும் காத்திருக்கலாகாது.

கடலில் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி தென்மேற்குக் கரையோரம் வீசிய கடுங்காற்றில் 40க்கு மேற்பட்ட மீனவர்கள் பலியானார்கள். எச்சரிக்கை உரிய வேளையில் வரவில்லை என்று கரையோரச் சமூகம் கொதித்தது. கரையில் இருப்பவனுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு சொன்னால் போதும். முப்பது கடல்மைலுக்கு அப்பால் வலை விரித்திருப்பவனுக்கு ஒரு நாள் முன்பே சொல்லவேண்டும். ஒரே செய்தி, ஒரே நேரம், எல்லோருக்கும் போதும் என்று எண்ணுவதே முதற் பிழை.

விதைப்பவனுக்கு வேண்டிய செய்தி

புயலும் வெள்ளமும் தலைப்புச் செய்தியாகின்றன. வரட்சி அவ்வாறு ஆவதில்லை. அது சத்தமின்றி வந்து, நகையை அடகுக்கும் பிள்ளையைக் கூலிவேலைக்கும் அனுப்பிவிடுகிறது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இந்நாடு நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சியைச் சந்தித்தது. குளங்கள் வற்றின, நெல் விதைக்கப்பட்ட பரப்புச் சுருங்கியது.

இவ்விடயத்தில் அறிவியல் நமக்குச் சில திறவுகோல்களைத் தந்துள்ளது. பசுபிக் சமுத்திரத்தின் நீர் வழமைக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் சராசரியைவிடக் கூடுதலான மழை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த உறவின் நுனியைப் பிடித்தவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வோக்கர். பருவமழை பொய்த்துப் பஞ்சம் வருவதை முன்கூட்டியே அறியும் வழியைத் தேடித்தான் அவர் உலகெங்கிலும் இருந்து காற்றமுக்கக் கணக்குகளைத் திரட்டினார். 2010ஆம் ஆண்டு முதல் தெற்காசிய நாடுகளின் வானிலையாளர்கள் பருவமழைக்கு முன்னர் கூடி, வரப்போகும் பருவம் பற்றிய பொதுவான எதிர்வுகூறலை வெளியிடுகிறார்கள்.

நம் நாட்டில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடி, குளத்து நீருக்கேற்ப விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பருவகால எதிர்வுகூறல் போய்ச் சேரவேண்டிய இடம் அந்தக் கூட்டமே. ஆனால் அதனைச் சொல்லும் விதத்தில் நேர்மை வேண்டும். சராசரிக்குக் குறைவான மழைக்கு அறுபது வீத வாய்ப்பு என்றால், நாற்பது வீதம் அவ்வாறு நடக்காமலும் போகலாம் என்பதே பொருள். இதை மறைத்து, மழை வராது என்று அடித்துச் சொன்னால், வந்த ஆண்டோடு நம்பிக்கை போய்விடும். வயலில் நிற்பவனுக்கு வாய்ப்புக் கணக்கு விளங்காது என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் வானத்தை நம்பிப் பந்தயம் கட்டியவனைவிட அக்கணக்கை நன்கறிந்தவன் யார்? மேட்டு வயலில் குறுகிய வயது நெல்லும், பள்ளத்தில் வழக்கமான நெல்லும், ஒரு பகுதியில் பயறும் என்று அவன் பிரித்து விதைப்பது வாய்ப்புக் கணக்கு அல்லாமல் வேறென்ன?

மலைக்குப் போன புயல்

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி, நான் இதுவரை எழுதியவற்றை எல்லாம் ஒரே வாரத்தில் மீண்டும் எழுதியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர், மேலும் பலர் காணாமற் போயினர். புயல் கிழக்குக் கரையைத் தொட்டது. சாவோ கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைச்சரிவுகளில் நிகழ்ந்தது. சூறாவளி என்றால் கரையோரம், காற்று, கடல் என்றுதான் எங்கள் தலைமுறை கற்றது. மலையில் இருந்தவருக்கு அச்சொல் தம்மைக் குறிப்பதாகத் தோன்றியிருக்குமா? புயலின் பெயரும் வேகமும் திசையும் சொல்லப்பட்டன. உன் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேடு இன்றிரவு சரியலாம் என்று சொல்லும் குரல் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு அந்நாட்களில் பரவலாக எழுந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது 1987ஆம் ஆண்டில். மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையின் விடயம் என்று எண்ணுபவர்கள், இரவு பத்து மணிக்கு மழை கொட்டும்போது தமக்கு விளங்காத மொழியில் ஒரு குறுஞ்செய்தி வருவதைக் கற்பனை செய்து பார்க்கட்டும். அதேவேளை, நாம் நம்மையும் கேட்கவேண்டும். தமிழில் வருவது மாத்திரம் போதுமா? 1978இல் நான் தமிழில்தான் எழுதினேன்.

அண்மைக் காலமாக உலக வானிலை அமைப்பு ஒரு கொள்கையை வலியுறுத்துகிறது. வானிலை எப்படி இருக்கும் என்று சொல்வதோடு நிற்காமல், அது என்ன செய்யும் என்றும் சொல்லவேண்டும் என்பதே அது. 2027ஆம் ஆண்டுக்குள் உலகில் எல்லோரையும் முன்னெச்சரிக்கை எட்டவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2022இல் இலக்கு வகுத்தது. இவற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. காத்தா, மழையா, கடலா என்று மாமா கேட்டதும் இதைத்தானே.

ஆகவே இன்று பத்திரிகையிலோ வானொலியிலோ இணையத்திலோ வானிலைச் செய்தி எழுதும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதி முடித்ததும் நான்கு கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வருவது என்ன? எங்கே, எப்போது? அது என் வாசகரின் வீட்டை, வயலை, வள்ளத்தை என்ன செய்யும்? அவர் இப்போது என்ன செய்யவேண்டும், எங்கே போகவேண்டும்? நான்காவது கேள்விக்கு விடை இல்லையென்றால் அந்தச் செய்தியை வாசகருக்கு அனுப்புவதோடு நிற்காதீர்கள். புகலிடம் எங்கே என்று அரசாங்க அதிபரிடமும் பிரதேச செயலாளரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். பத்திரிகையாளனின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சூறாவளிக்குப் பின் நான் திரும்பிய முதல் வாரத்தில், மேசைக் கண்ணாடியின் கீழ் இருந்த அந்தச் சொற்பட்டியலை எடுத்து, தாழமுக்கம் என்பதற்கு எதிரே பேனாவால் ஒரு வரி எழுதினேன்: "காற்றும் மழையும் பெருகலாம். கடலுக்குப் போகவேண்டாம். ஓலை வீட்டில் இருப்பவர்கள் கல்வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ செல்லவும்." அதன்பின் அச்சொல் குறிப்பில் வந்த ஒவ்வொரு நாளும் அந்த வரியையும் சேர்த்தே அனுப்பினேன். இடம் போதாது என்று பக்கம் கட்டுபவர் சில நாட்களில் அதனை வெட்டினார். நான் மறுநாளும் எழுதினேன்.

மாமா 1990களில் காலமானார். அவர் உயிரோடிருந்த காலத்தில் அந்த வரியை அவரிடம் நான் காட்டியதில்லை. காட்ட வெட்கமாக இருந்தது. காலம் கடந்து வந்த எச்சரிக்கை அது.